விதையில்லாத் திராட்சை: வீட்டுப் பந்தலில் காய்க்க வைக்கும் முழு வழிகாட்டி

வீட்டில் திராட்சை வைத்தவர்களிடம் அதிகம் கேட்கும் புகார் ஒன்றுதான்: "கொடி பந்தல் முழுக்கப் பரவிக் கிடக்கிறது, ஒரு குலைகூட வரவில்லை." பெரும்பாலும் மண்ணிலோ உரத்திலோ குறை இருக்காது. கத்திரிக்கோலை வைத்த இடம் தவறாக இருக்கும், அல்லது வெட்டிய மாதம் தவறாக இருக்கும். பன்னீர் திராட்சைக்குச் சொல்லப்படும் கவாத்தை (கிளை வெட்டும் முறையை) அப்படியே தாம்சன் சீட்லெஸ் என்ற விதையில்லா ரகத்துக்குச் செய்தால் இலைதான் வரும். அதனால் இந்த வழிகாட்டியில் கவாத்துக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறோம். மாதக் கணக்கு தமிழ்நாட்டுச் சமவெளிக்கு உரியது.

1. இடமும் ரகமும்

நாளுக்கு 7 முதல் 8 மணி நேரம் நேரடி வெயில் வேண்டும். மாமரத்தின் ஓரமோ இரண்டு மாடிச் சுவரின் வடக்குப் பக்கமோ உதவாது. அடுத்த ஆண்டுக்கான குலை, மொட்டுக்குள் உருவாவதே வெயில் பட்டுத்தான். காற்றோட்டமும் தேவை. மழை பெய்து ஓய்ந்ததும் இலை சீக்கிரம் காய்ந்துவிட்டால் பூஞ்சை நோய் பாதியாகக் குறைந்துவிடும்.

தாம்சன் சீட்லெஸ் பச்சை ரகம், கடையில் நாம் வாங்கும் நீள்வட்டப் பழம். சோனாகா, தாஸ்-ஏ-கணேஷ் இரண்டும் அதிலிருந்து வந்தவை, பராமரிப்பும் ஒன்றே. கறுப்பு வேண்டுமென்றால் சரத் சீட்லெஸ், சிவப்பு வேண்டுமென்றால் ஃபிளேம் சீட்லெஸ். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்கா நீலமணி, பிளாக் சம்பாவையும் தாம்சனையும் கலந்து உருவாக்கிய விதையில்லாக் கறுப்பு ரகம். பறவைக்கண் நோயை (காயில் குழிப்புள்ளி விழும் பூஞ்சை நோய்) அது ஓரளவு தாங்குவதால், ஈரக்காற்று அடிக்கும் சென்னை, கடலூர், நாகப்பட்டினம் பக்கத்து வீடுகளுக்கு அதையே முதலில் சொல்வோம். கோவை, திருப்பூர், திண்டுக்கல், தேனி, கிருஷ்ணகிரி போன்ற உலர்ந்த உள்மாவட்டங்களில் தாம்சனும் நன்றாக வரும்.

2. கன்று வாங்கும்போது

விதையில்லாத் திராட்சையில் கரு உண்டாகித் தொடக்கத்திலேயே கருகிவிடுகிறது. பழத்துக்குள் மெல்லிய தடம் மட்டும் மிஞ்சும். ஆகவே இந்த ரகங்களைப் போத்து (கிளைத் துண்டு) வைத்தோ ஒட்டுக் கட்டியோதான் பெருக்க முடியும். "விதையில் முளைத்த சீட்லெஸ் கன்று" என்று யாராவது விற்றால் வாங்க வேண்டாம்.

கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீராக இருந்தால் போத்திலிருந்து வேர்விட்ட கன்றே போதும். போர்த் தண்ணீரில் உப்பு இருந்தால் டாக்ரிட்ஜ் என்ற வேர்க்குச்சியில் (வேருக்காக மட்டும் வைக்கும் அடிக்கொடி) கட்டிய ஒட்டுக் கன்று வாங்குங்கள். உப்பையும் வறட்சியையும் அது தாங்கும்.

ஒட்டுக் கன்றில் புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஒட்டுக்குக் கீழே வேர்க்குச்சியிலிருந்து துளிர் வரும். மேலே உள்ள ஒட்டைவிட அது வேகமாக வளரும், பார்க்கவும் செழிப்பாக இருக்கும். விட்டுவிட்டால் ஆறு மாதத்தில் ஒட்டு பட்டுப்போய், காய்க்காத வேர்க்குச்சிக் கொடி மட்டும் பந்தலில் நிற்கும். வாரம் ஒருமுறை ஒட்டுக்குக் கீழே பார்த்து, துளிர் இருந்தால் விரலாலேயே கிள்ளி எடுத்துவிடுங்கள்.

சொந்தமாகப் போத்து வைப்பதென்றால், டிசம்பர்–ஜனவரி கவாத்தில் விழும் முதிர்ந்த கிளைகளில் பென்சில் பருமன் உள்ளவற்றை 4 கணு நீளத்துக்கு வெட்டுங்கள். அடி வெட்டு கணுவுக்குச் சற்றுக் கீழே நேராகவும், மேல் வெட்டு சாய்வாகவும் இருக்கட்டும். எது தலை, எது கால் என்று பிறகு குழப்பம் வராது. 2 கணு மண்ணுக்குள், 2 கணு வெளியே. நிழலில் வைத்து ஈரம் காத்தால் மூன்று மாதத்தில் நடும் அளவுக்கு வேர்பிடிக்கும்.

3. கன்றுக்கு முன்னால் பந்தல்

கன்றை நட்டுவிட்டு, வளர்ந்த பிறகு பந்தல் போட நினைப்பது பெரிய தவறு. நான்கைந்து மாதத்தில் கொடி ஆள் உயரம் தாண்டிவிடும். ஏறப் பந்தல் இல்லாமல் சுருண்டு முறுக்கிக்கொண்ட தண்டைப் பிறகு நேராக்க முடியாது.

ஒரு கொடிக்கு 10 அடிக்கு 10 அடிப் பந்தல் கணக்கு. உயரம் 7 அடி. இதைவிடத் தாழ்த்தினால் தலையில் இடிக்கும், உயர்த்தினால் கவாத்து செய்யும்போது ஏணியை நகர்த்தி நகர்த்திச் சலித்துப் பாதியில் விட்டுவிடுவீர்கள். மூலைக்கு ஒரு கல்தூணோ 2 அங்குல ஜிஐ பைப்போ, 2 அடி ஆழத்தில் கான்கிரீட் போட்டு நிறுத்துங்கள். சுற்றுக் கம்பி 10 கேஜ் ஜிஐ கம்பி. குறுக்கும் நெடுக்கும் 12 கேஜ் கம்பியை 1½ அடிக்கு ஒன்றாக இழுத்துக் கட்ட வேண்டும். கயிறும் மூங்கிலும் இரண்டு மழையில் இற்றுப்போகும். காய்க்கும் கொடியின் எடையை அவை தாங்காது.

மொட்டை மாடிதான் வெயில் விழும் ஒரே இடமென்றால், கொடியைத் தரையில் நட்டு ஒற்றைத் தண்டாகச் சுவரோரம் மாடிக்கு ஏற்றி, மேலே பந்தலிடலாம். 12 அடி உயரம் திராட்சைக்குச் சிரமமே இல்லை. தரையே இல்லாதவர்கள் 200 லிட்டர் டிரம்மில் வைக்கலாம், பந்தலும் குலைகளும் பாதி அளவில் இருக்கட்டும்.

4. குழியும் நடவும்

ஜூன்–ஜூலையில் நடுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் வேர் ஊன்றிக்கொள்ள மூன்று மாதம் கிடைக்கும்.

மூன்றடி நீள, அகல, ஆழத்தில் குழி எடுத்து 15 நாள் காயவிடுங்கள். தோண்டும்போது மேல்மண்ணைத் தனியாக வைத்து, அதனுடன் 25 கிலோ நன்கு மக்கிய தொழு உரம், 1 கிலோ வேப்பம் புண்ணாக்கு, அரைக் கிலோ சூப்பர் பாஸ்பேட் கலந்து குழியை நிரப்புங்கள். களிமண்ணாக இருந்தால் ஆற்று மணலோ எம்-சாண்டோ நான்கில் ஒரு பங்கு சேருங்கள். நிரப்பிய பிறகு இரண்டு முறை தண்ணீர் விட்டு மண் அமர்ந்த பின்னரே நடவு. இல்லாவிட்டால் மண் இறங்கும்போது கன்றும் கூடவே இறங்கி, ஒட்டுக் கட்டிய இடம் புதைந்துவிடும். ஒட்டு தரையிலிருந்து அரை அடி மேலே இருக்க வேண்டும். புதைந்தால் ஒட்டுக்கு மேலுள்ள தண்டு சொந்த வேர் விடும், வேர்க்குச்சிக்குக் கொடுத்த பணம் வீண்.

நட்டதும் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் ஒன்று, பிறகு மண்ணின் ஈரம் பார்த்து வாரம் இரண்டு முறை. தண்டைச் சுற்றி ஒரு சாண் விட்டு, காய்ந்த இலையோ தேங்காய் மட்டையோ மூடாக்காகப் போடுங்கள்.

5. முதல் ஆண்டு: ஒற்றைத் தண்டு, இரண்டு கைகள்

வரும் துளிர்களில் வலுவான ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றை எடுத்துவிடுங்கள். 8 அடிக் குச்சி நட்டு, அரை அடிக்கு ஒருமுறை அந்தத் துளிரைத் தளர்வாகக் கட்டிக்கொண்டே வாருங்கள். பக்கத் துளிரும் பற்றுக்கம்பியும் (பிடித்து ஏறும் சுருள்) தெரிந்தால் கிள்ளிவிட வேண்டும், இலையை மட்டும் தொடக் கூடாது. பந்தலுக்குக் கீழ் பக்கத்தில் ஒரு கிளை தங்கினாலும் தண்டின் வேகம் அங்கே பிரிந்துவிடும்.

நுனி பந்தலைத் தாண்டியதும், கம்பிக்கு அரை அடி கீழே வெட்டுங்கள். அதன் அடியிலிருந்து வரும் இரண்டு துளிர்களை எதிரெதிர்த் திசையில் விடுங்கள். இவைதாம் கொடியின் கைகள்.

கைகளை ஒரே மூச்சில் பந்தலின் விளிம்புவரை ஓடவிடுவது எல்லோரும் செய்வது, பார்க்கவும் ஆசையாக இருக்கும். ஆனால் நுனி ஓட ஓட அடியில் உள்ள மொட்டுகள் தூங்கிவிடும். கை நீளும், நடுவில் பக்கக் கிளையே இல்லாமல் மொட்டையாகக் கிடக்கும். அந்த இடைவெளி பிறகு நிரம்புவதே இல்லை. கை 2 அடி போனதும் ஒன்றரை அடிக்கு வெட்டுங்கள். கடைசி மொட்டிலிருந்து வரும் துளிர் கையை நீட்டும், பின்னால் உள்ளவை பக்கக் கிளையாகும். மறுபடி 2 அடி, மறுபடி வெட்டு. பந்தல் நிரம்ப அடுத்த மே மாதம் ஆகிவிடும். அதற்குள் எங்காவது பூங்கொத்து வந்தால் கிள்ளிவிடுங்கள்.

6. வளர்ச்சிக் கவாத்து: மே கடைசி

குளிர்நாட்டில் திராட்சை இலையுதிர்ந்து தூங்கும். நம் ஊரில் அது ஆண்டு முழுக்கப் பச்சையாகவே இருப்பதால், எப்போது வளர வேண்டும், எப்போது காய்க்க வேண்டும் என்பதை நாம்தான் வெட்டிச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் ஆண்டுக்கு இரண்டு கவாத்து. மே வெட்டு கிளைக்கு, டிசம்பர் வெட்டு காய்க்கு.

மே கடைசியில், கைகளில் இருக்கும் எல்லாப் பக்கக் கிளைகளையும் 1 அல்லது 2 மொட்டு மட்டும் விட்டு வெட்டுங்கள். பந்தல் மொட்டையாகத் தெரியும், பயப்பட வேண்டாம். கொடிக்கு 20 கிலோ தொழு உரம், 1 கிலோ வேப்பம் புண்ணாக்கு, கால் கிலோ சூப்பர் பாஸ்பேட் வைத்துத் தண்ணீர் விடுங்கள். இரண்டு வாரத்துக்குள் துளிர் வெடிக்கும்.

துளிரில் 5 இலை வந்ததும் நெரிசலைக் கலையுங்கள். கிளைக்கும் கிளைக்கும் ஒரு சாண் இடைவெளி. எல்லாத் துளிரையும் விட்டால் ஒன்றின் நிழலில் ஒன்று கிடந்து எல்லாமே மெலியும்.

7. இலைக்கு உள்ளே காய் முடிவாகும் நாட்கள்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். மே வெட்டுக்குப் பிறகு ஏறக்குறைய 40 முதல் 60 நாளுக்குள், அதாவது ஜூலை வாக்கில், புதுக்கிளையின் மொட்டுக்குள் எது குலை, எது வெறும் பற்றுக்கம்பி என்பது முடிவாகிவிடுகிறது. அடுத்த ஏப்ரலில் பறிக்கப்போகும் பழம் இப்போதே தீர்மானமாகிறது. இந்த நாட்களில் வெயில் மொட்டின் மேல் படாமலோ, யூரியாவும் தண்ணீரும் அதிகமாகிக் கொடி தளதளவென்று ஓடினாலோ, டிசம்பரில் என்ன செய்தாலும் குலை வராது.

ஆகவே இந்த மூன்று வாரமும் தழைச்சத்து உரம் வேண்டாம். தண்ணீரைப் பாதியாகக் குறையுங்கள், இலை வாடக் கூடாது, ஆனால் நுனி வேகம் அடங்க வேண்டும். பந்தலுக்குக் கீழே நின்று பாருங்கள்: தரையில் அங்கங்கே வெயில் பொட்டு விழ வேண்டும். ஒரேயடியாக நிழலாக இருந்தால் கிளை அதிகம்.

தாம்சனுக்கு இன்னொரு வேலை உண்டு. துளிர் 9 இலை அளவுக்கு வளர்ந்ததும், 7ஆம் இலைக்கு மேலே நுனியைக் கிள்ளுங்கள். கடைசிக் கணுவிலிருந்து ஒரு பக்கத் துளிர் கிளம்பும். அதை மட்டும் விட்டு, அதுவும் 5 இலை வந்ததும் கிள்ளுங்கள். இரண்டும் சேரும் இடத்தில் முடிச்சுப் போல ஒரு கணு உருவாகும். கொடியின் ஓட்டம் அங்கே தடைபட்டு மாவுச்சத்து தங்குவதால், முடிச்சை ஒட்டிய மொட்டுகளில் குலை அதிகம் பிடிக்கும். அந்த முடிச்சு எங்கே இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், டிசம்பரில் வெட்டப்போவது அதைக் கணக்கிட்டுத்தான்.

8. காய்ப்புக் கவாத்து: டிசம்பர் கடைசி – ஜனவரி முதல் வாரம்

மகாராஷ்டிரத்தில் அக்டோபரில் வெட்டுகிறார்கள் என்று படித்துவிட்டு இங்கே அதையே செய்தால், பூக்கும் நேரம் நம் மழையில் மாட்டி அழுகும். மழை ஓயட்டும்.

ஒரு மாதம் முன்பே மொட்டைச் சோதிக்கலாம். முதிர்ந்த கிளை இரண்டை வெட்டி, ஒரு கணுவுக்கு ஒரு துண்டாக நறுக்கி, எத்தனையாவது கணு என்று எண் எழுதி, ஈர மணலில் ஊன்றி வெளிச்சமான இடத்தில் வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் துளிர்க்கும். துளிர் விரிய விரிய, இலைக்கு எதிர்ப்பக்கம் கடுகு கொத்தாக ஒட்டியது போன்ற சிறு பூங்கொத்து தெரியும், அல்லது வெறும் பற்றுக்கம்பி தெரியும். 5ஆம் எண் துண்டில் கொத்து, 2ஆம் எண்ணில் பற்றுக்கம்பி என்றால், எங்கே வெட்ட வேண்டும் என்று உங்கள் கொடியே சொல்லிவிட்டது.

வெட்டுவதற்கு 15 நாள் முன் தண்ணீரை நிறுத்தி, இலைகளைக் கையால் உருவிவிடுங்கள். மொட்டுகள் உப்பி ஒரே சமயத்தில் வெடிக்க இது உதவும். வணிகத் தோட்டங்களில் இதற்கு ஹைட்ரஜன் சயனமைடு பூசுவார்கள். கடும் நஞ்சு, வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம்.

பழுப்பேறி முதிர்ந்த, பென்சில் பருமனுள்ள கிளையில் மட்டுமே காய்க்கு வெட்ட வேண்டும். தாம்சனில் அடியிலுள்ள முதல் இரண்டு மூன்று மொட்டில் குலை அரிது, 4ஆம் மொட்டுக்கு மேல்தான் நம்பிக்கை. நேரான கிளையில் 5 முதல் 8 மொட்டு விட்டு வெட்டுங்கள். முடிச்சு உள்ள கிளையில் முடிச்சைத் தாண்டி 1 அல்லது 2 மொட்டு. பச்சையாகவோ மெலிந்தோ உள்ள கிளைகளை 1 மொட்டுக்கு வெட்டிவிடுங்கள், அவை அடுத்த ஆண்டுக்கு. பன்னீர் திராட்சைக்கு 4 மொட்டு கணக்கு. அதே கணக்கில் இதை வெட்டியவர்களுக்குத்தான் வெறும் இலை.

வெட்டிய அன்றே தண்டில் உரிந்து தொங்கும் பட்டையைக் கையால் தேய்த்து எடுத்துவிடுங்கள். மாவுப்பூச்சியும், துளிரைத் தின்னும் வண்டின் முட்டையும் அதற்கடியில்தான் இருக்கும். பிறகு பூஞ்சையைத் தடுக்கும் போர்டோ கலவை தெளியுங்கள்.

9. போர்டோ கலவை

10 லிட்டருக்கு மயில் துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராம், சுட்ட சுண்ணாம்பு 100 கிராம். பிளாஸ்டிக் வாளி மட்டும், இரும்புப் பாத்திரம் கூடாது. துத்தத்தை 5 லிட்டரிலும், சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டு நீற்றி வடிகட்டி 5 லிட்டரிலும் தனித்தனியாகக் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் மெல்ல ஊற்றிக் கலக்குங்கள். மாற்றி ஊற்றினால் கலவை திரிந்து அடியில் படியும். பளபளப்பான இரும்பு ஆணி ஒன்றை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, அப்படியே அடித்தால் துளிர் கருகும். சுண்ணாம்புத் தண்ணீர் சேர்த்து மறுபடி சோதியுங்கள். அன்றே தெளித்து முடிக்க வேண்டும்.

10. குலை தெரிந்த பிறகு

புதுத் துளிரின் 4 முதல் 6ஆம் இலை வாக்கில் குலை தெரியும். ஒரு துளிருக்கு ஒரு குலை போதும், ஒவ்வொன்றுக்கும் 12 முதல் 15 இலையாவது இருக்க வேண்டும். முதல் காய்ப்பில் 10 முதல் 15 குலைக்கு மேல் விடாதீர்கள். கொடி வலுத்த பிறகு 100 சதுர அடிக்கு 30, 40 குலை தாங்கும். பாசத்தில் எல்லாவற்றையும் விட்டால் பழம் புளிக்கும், அடுத்த ஆண்டுக் கிளையும் மெலியும்.

காய் மிளகு அளவு வந்ததும் குலையின் நுனியில் மூன்றில் ஒரு பங்கையும், உள்பக்கமாக நெருக்கும் காய்களையும் சிறு கத்தரிக்கோலால் எடுத்துவிடுங்கள். 80 முதல் 100 காய் மிஞ்சினால் போதும். கை கூசும், ஆனாலும் செய்யுங்கள். நெருக்கமான குலையில் நடுக்காய் வெடித்து முழுக் குலையும் அழுகும்.

கடைப் பழத்தின் அளவு வீட்டில் வராததற்குக் காரணம் ஜிப்ரலிக் அமிலம். காயைப் பெரிதாக்கும் ஹார்மோனை விதைதான் தரும், விதை இல்லாததால் வெளியிலிருந்து கொடுக்கிறார்கள். விருப்பமானால் காய் 4 மி.மீ. இருக்கும்போது 40 பிபிஎம் கரைசலில் குலையை மட்டும் ஒருமுறை முக்கலாம். 1 கிராம் தூளைச் சிறிது ஆல்கஹாலில் கரைத்து 25 லிட்டர் தண்ணீரில் சேர்த்தால் அந்த அளவு. இலையிலும் கிளையிலும் தெளிக்காதீர்கள், அடுத்த ஆண்டு மொட்டின் காய்ப்புத்திறனை அது கெடுக்கும். எங்கள் கருத்தில் வீட்டுக்கு இது தேவையில்லை. சிறு பழம்தான் இனிப்பு.

காய் பிடித்த பிறகு 15 நாளுக்கு ஒருமுறை 50 கிராம் சல்பேட் ஆஃப் பொட்டாஷ் மூன்று தடவை கொடுங்கள். மலிவென்று மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் வேண்டாம், அதிலுள்ள குளோரைடு இலை ஓரத்தைக் கருக்கும். கோடையில் நிரம்பிய பந்தலுக்கு ஒரு நாளைக்கு 40 லிட்டர் அளவு தண்ணீர் தேவைப்படும். நான்கு நாள் காயவிட்டுத் திடீரென்று வெள்ளமாகப் பாய்ச்சினால் பழம் வெடிக்கும்.

11. நோயைப் பார்த்துப் பிரித்தறிய

இலையின் மேல் எண்ணெய்ப் பொட்டு போல மஞ்சளும், அதே இடத்தில் அடியில் வெள்ளைப் பூசணமும் இருந்தால் அடிச்சாம்பல் நோய். மழைக்கால நோய், போர்டோ கலவைக்குக் கட்டுப்படும். இலையிலும் காயிலும் மாவு தூவியது போலிருந்தால் சாம்பல் நோய். அது பகல் வெப்பமும் இரவுக் குளிரும் சேர்ந்தால் வரும், மழை தேவையில்லை. நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், மாலையில் மட்டும். உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகும், வேப்பெண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள்ளும் கூடாது. காயில் நடுவே சாம்பலும் ஓரம் கறுப்புமாகக் குழிப்புள்ளி இருந்தால் பறவைக்கண் நோய். அந்தக் கிளையை வெட்டி எரித்துவிடுங்கள்.

தண்டில் எறும்பு வரிசையாக ஏறினால் மேலே மாவுப்பூச்சி இருக்கிறது என்று அர்த்தம். தண்டில் ஒரு சாண் அகலத்துக்கு பாலித்தீன் தாள் சுற்றி அதன்மேல் கிரீஸ் தடவுங்கள். பூ விரிந்திருக்கும் வாரத்தில் எதையும் தெளிக்க வேண்டாம். பறிப்பதற்கு மூன்று வாரம் முன்பே கந்தகத்தையும் செம்பு மருந்தையும் நிறுத்திவிடுங்கள்.

12. பறிப்பு

ஜனவரித் தொடக்கத்தில் வெட்டியது ஏப்ரல் கடைசி முதல் மே நடுவில் பழுக்கும். கடைசி 10 நாள் தண்ணீரைக் குறையுங்கள், இனிப்பு ஏறும். கிளி, மைனா, அணிலுக்கு வலை, அல்லது குலைக்கு ஒரு காகிதப் பை.

வாழையும் மாவும் பறித்த பிறகு பழுக்கும், திராட்சை பழுக்காது. பச்சை ரகம் பழுத்தால் தேன் சாயல் ஏறிக் கண்ணாடி போலத் தெரியும். குலையின் அடிநுனிப் பழம்தான் கடைசியில் இனிக்கும், அதைச் சுவைத்துப் பாருங்கள். புளித்தால் இன்னும் ஐந்து நாள் விடுங்கள். வெயில் ஏறும் முன், காம்பைக் கத்தரித்து எடுங்கள், இழுத்தால் அடுத்த கிளை முறியும். எல்லாம் பறித்து முடித்ததும் 15 முதல் 20 நாள் இலையோடு ஓய்வு கொடுத்து, பிறகு 6ஆம் படியிலுள்ள கவாத்தைச் செய்யுங்கள்.